வெடிச்சிருமா? கூடங்குளமும் ஒரு மால்வேரும்

2019 தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். திருநகர் வீட்டில் மிச்சமிருந்த முறுக்கைக் கொறித்துக்கொண்டிருந்தேன். வள்ளியூரிலிருந்து பெரியம்மா போன். "ஏல, நீ கம்ப்யூட்டர் வேலைலதான இருக்க? அணு உலைய எவனோ கம்ப்யூட்டர்லயே புடிச்சுட்டானாமே, வெடிச்சிருமா?"

அன்றைக்கு, அக்டோபர் 29, கூடங்குளம் நிலையம் ஒரு அறிக்கை விட்டிருந்தது. பரவுவது தவறான தகவல், கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவது, இணையத்தோடு இணைக்கப்படாதது, அதன்மேல் சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று. அதைத்தான் நானும் பெரியம்மாவிடம் ஒப்பித்தேன். மறுநாளே என்.பி.சி.ஐ.எல். வேறு அறிக்கை தந்தது: மால்வேர் கண்டறியப்பட்டது உண்மைதான், செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் தகவல் சொல்லிவிட்டது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினி. எனக்கு அசிங்கமாப் போச்சு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். முதல் அறிக்கை பேசியது உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி. இரண்டாவது பேசியது ஆபீஸ் நெட்வொர்க்கைப் பற்றி. வரிக்கு வரி பார்த்தால் முரண் இல்லை. ஆனால் கேட்ட ஜனங்களுக்கு, 'இல்லை'ன்னு சொன்னவன் ஒரே நாளில் 'ஆமா'ன்னுட்டான், அவ்வளவுதான். போதாக்குறைக்கு அக்டோபர் 19 அன்று இரண்டாம் அலகு நின்றுபோயிருந்தது. நீராவி ஜெனரேட்டரில் நீர்மட்டம் குறைந்ததால் என்று சொல்லப்பட்ட அந்த நிறுத்தத்தையும் மால்வேர் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

சரி, வெடிச்சிருமா? அங்கே இருப்பவை ரஷ்ய வி.வி.இ.ஆர். உலைகள். கட்டுப்பாட்டுத் தண்டுகளை மேலே பிடித்து வைத்திருப்பது மின்காந்தம். மின்சாரம் போனால் தண்டுகள் தன் எடையிலேயே உள்ளே விழும், அணுப்பிளவு நிற்கும். நின்ற பிறகும் வெளிவரும் வெப்பத்தைப் பம்பு இல்லாமல் காற்றோட்டத்தாலேயே தணிக்கும் ஏற்பாடும் உண்டு. கீபோர்டைத் தட்டி வெடிக்க வைப்பது சினிமாவில்தான்.

நான் கவலைப்படுவது வேறு இடத்தில். அந்த மால்வேரின் பெயர் டிடிராக். கேஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019 செப்டம்பரில் அதைப் பற்றி எழுதியபோது, இந்திய ஏ.டி.எம்.களைக் குறிவைத்த ஒன்றின் உறவுக்காரன் என்றும், வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவரிசை என்றும் சொன்னது. அது வேவு பார்க்கும் ஜாதி. என்ன டைப் செய்கிறீர்கள், என்ன ஃபைல்கள் இருக்கின்றன, எந்த ஐ.பி. முகவரி, எல்லாவற்றையும் பொறுக்கும். கூடங்குளத்தோடு தொடர்புடையதாக வெளிவந்த மாதிரிக்குள், நிலையத்தின் பெயரோடு ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கும் உள்-நெட்வொர்க் முகவரியும் நேரடியாக எழுதப்பட்டிருந்தன. புரோகிராமராக இதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாவி எந்த ஆணியில் தொங்குதுன்னு தெரிஞ்சவன்தானே இப்படி எழுத முடியும்? அதாவது இந்த ஃபைலுக்கு முன்னாடியே ஒருத்தன் உள்ளே சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

'ஆபீஸ் கம்ப்யூட்டர்தானே' என்று விடவும் முடியாது. ஈரானின் நதான்ஸில் மையவிலக்குகளைக் கெடுத்த ஸ்டக்ஸ்நெட், 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கிருந்த கருவிகளும் இணையத்தோடு இணைக்கப்படாதவைதான். பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடியதாக அதை எழுதியிருந்தார்கள். எந்த வகைக் கருவி, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்ததால்தான் அதை எழுதவே முடிந்தது. அப்படிப்பட்ட விவரம் எங்கே கிடைக்கும்? வரைபடம், வெண்டருக்குப் போன மெயில், பராமரிப்பு அட்டவணை, எல்லாமே ஆபீஸ் பக்கம்தான் கிடக்கும்.

இணைப்பு இல்லை என்ற நம்பிக்கைக்கும் ஒரு கதை உண்டு. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹையோவில் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்துக்குள் ஸ்லாமர் வோர்ம் புகுந்தது. ஃபயர்வால் இருந்தது. ஆனால் ஒரு ஒப்பந்ததாரரின் நெட்வொர்க்கிலிருந்து வந்த லைன் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போயிருந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கணினித் திரை ஐந்து மணி நேரம்போல முடங்கியது. உலை அப்போது ஓட்டத்தில் இல்லை, பழைய அனலாக் மீட்டர்களும் வேலை செய்தன.

பெரியம்மாவை மறுபடி கூப்பிட்டு, வெடிக்காது, ஆனா எவனோ ஆபீஸ் பீரோவைக் குடைஞ்சிருக்கான் என்றேன். "அப்போ மொதல்ல ஏன் ஒண்ணுமில்லன்ன?" என்றார். அறிக்கையைச் சரியாகப் படிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன்.