புதிய கணினியும் பழைய பண்ணைக் கணக்கும்

மானாவாரிச் சாகுபடிக்குக் கணக்கு எத்துணை அவசியம் என்பதைக் கரிசல் பூமி விவசாய அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பசுவந்தனையில் பருத்தியும் உளுந்தும் பயிரிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எந்தப் புஞ்சையில் எத்தனை மில்லிமீட்டர் மழைக்குப் பின் விதைத்தனர், எத்தனை குவிண்டால் கண்டனர், குத்தகை எவ்வளவு, கடன் எவ்வளவு என்னும் இருபது ஆண்டு விவரம் பழைய கணினியில் உள்ளது. அது போனால், அடுத்த விதைப்பை முடிவு செய்ய ஞாபகம் ஒன்றே துணை.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆதலின் புதியது வாங்க நேரிடுகிறது. டாஸ் காலத்து டிபேஸ், பாக்ஸ்புரோ நிரல்கள் அதில் நேரடியாக ஓடமாட்டா. விஷுவல் பாக்ஸ்புரோவுக்கு மைக்ரோசாப்ட் அளித்த ஆதரவும் 2015 ஜனவரியோடு நின்றது. அக்ஸஸ் இன்றும் கிடைக்கிறது. எனினும் 'ஹோம்' வகை ஆபீஸ் தொகுப்பில் வேர்டும் எக்ஸெலும் இருக்குமேயன்றி அக்ஸஸ் இராது. பணம் கட்டுமுன் இதனைக் கேட்டறிதல் நலம்.

இனி எதைத் தேர்வது? குதிரில் தானியம் கொட்ட மேல்வாய் இருந்தால் போதாது. எடுக்கக் கீழ்வாயும் வேண்டும். மென்பொருளும் அவ்வாறே. உள்ள கணக்கு முழுவதையும் சி.எஸ்.வி. என்னும் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே தர இயலாத எதையும், எவ்வளவு அழகாயிருப்பினும், விலக்கிவிடலாம். மாதக் கட்டணத்தில் இணையத்தில் இயங்குபவற்றை வாங்குவோர், கட்டணம் நின்றபின் தம் கணக்கு என்னவாகும் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

ஒரே அட்டவணையில் சில நூறு வரிகளே உள்ளவருக்குத் தரவுத்தளமே தேவையில்லை. எக்ஸெல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். கால்க் பழைய டி.பி.எஃப். கோப்புகளையும் திறக்கும். நிலம், பயிர், கூலி, கடன் ஆகியவற்றைத் தனித்தனி அட்டவணைகளாக்கி இணைக்க விரும்புவோருக்கு லிப்ரே ஆபீஸ் பேஸ் உண்டு. எம் அபிப்பிராயத்தில், எஸ்கியூலைட் அதனினும் உறுதியானது. 2000-ல் வெளிவந்த இது எவருக்கும் உரிமைப்படாத பொதுச் சொத்து, கைபேசிகளிலும் இயங்குவது. எழுதும்போது மின்சாரம் போனாலும் கணக்கு பாதி நிலையில் சிதையாதவாறு அமைக்கப்பட்டுள்ளது. நம் ஊர்களுக்கு இது சிறிய சௌகரியமன்று. 'டிபி பிரவுசர்' என்னும் இலவச நிரலைக் கொண்டு இதனைக் கையாளலாம்.

மாற்றும்போது சில இடர்கள் உண்டு. சர்வே எண் 12/3 என்றிருப்பின் எக்ஸெல் அதனை மார்ச் 12 என்று தேதியாக்கிவிடும்! அந்தப் பத்தியை முன்னரே 'எழுத்து' வகையாகக் குறித்தல் வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்களில் பதிந்த பெயர்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும், அவற்றை என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற நிரலால் யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு 2010-ல் ஏற்ற நியமங்களுள் யூனிகோடும் ஒன்று. 'மெமோ' எனப்படும் நீண்ட குறிப்புகள் வேறு கோப்பில் இருக்குமாதலால், டி.பி.எஃப். கோப்பை மட்டும் நகலெடுத்தால் அவை விடுபட்டுப் போகும். ஆண்டுக் கணக்கையும் இத்தருணத்தில் சீர்செய்யலாம். புரட்டாசியில் விதைத்த பருத்தி மாசியில் வீடு சேருமுன் ஆங்கில ஆண்டு மாறிவிடுவதால், விதைப்பு ஆண்டு என ஒரு தனிப் பத்தி இருப்பது உத்தமம்.

இவையாவும் பழைய கணினி உயிரோடிருக்கும்போதே நடைபெற வேண்டும். இரண்டு கணினிகளிலும் மொத்த வரிகளை எண்ணிப் பாருங்கள். ஏதேனும் ஓர் ஆண்டின் உளுந்து மகசூலை இரண்டிலும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தபின், ஒரு நகலைப் பென்டிரைவில் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, பழைய இயந்திரத்தைக் கொடுத்துவிடலாம்.