பாலம் கட்டியவர், படை நடத்தியவர்

1901-ஆம் ஆண்டு மே மாதம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெண்டிகோ என்னும் நகரம். அங்கே ஓடையொன்றின்மேல் புதிதாகக் கட்டி முடித்த கான்கிரீட் பாலத்தைச் சோதித்துப் பார்க்கும் நாள் அது. எடை மிகுந்த நீராவி ரோடு ரோலரையும் இழுவை எந்திரத்தையும் பாலத்தின்மீது ஏற்றினர். தாங்கும் என்று கணக்குக் கூறியது, பாலமோ தாங்கவில்லை. வளைவு முறிந்து வீழ்ந்தது. மனிதர் ஒருவர் மாண்டார்.

தளம் வார்த்து, நாளெண்ணிக் காத்திருந்து, சென்ட்ரிங் பிரிக்கும் காலையில் கொத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நம்மிடையே பலர் உண்டு. சிற்றாலயமோ பள்ளிக் கட்டடமோ எழுப்பிய நேரங்களில் நாமும் அவ்வாறு நின்றதுண்டு. ஆதலால், அன்று அப்பாலத்தைக் கட்டிய பொறியாளரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஓரளவு நம்மால் உணர முடிகின்றது. அந்தப் பொறியாளருக்கு அப்போது வயது 35. பெயர் ஜான் மொனாஷ். பதினேழு ஆண்டுகள் கழித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட பெரும்படைக்கு அவரே தளபதியானார். முழுநேரப் படைவீரராக அவர் ஒருநாளும் பயிற்சி பெற்றதில்லை என்பதுதான் இதில் வியப்பு.

மொனாஷ் 1865-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் மெல்பர்ன் நகரில் பிறந்தார். பெற்றோர் யூதர், புருஷிய நாட்டினின்று குடியேறியவர்கள். வீட்டில் செருமானிய மொழியும் வழங்கிற்று. தந்தை ஜெரில்டெரி என்னும் சிற்றூரில் கடை வைத்திருந்தபோது, சிறுவனின் கணித அறிவைக் கண்ட பள்ளி ஆசிரியர், இவனை மெல்பர்னுக்கு அனுப்பிப் படிக்க வையுங்கள் என்று வற்புறுத்தினார். அனுப்பினார்கள். அங்கே ஸ்காட்ச் கல்லூரியில் கணிதத்தில் முதன்மை பெற்றார். ஆனால் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற முதல் ஆண்டிலேயே தோல்வியுற்றார்! விரிவுரைகளுக்குச் செல்லாமல் நாடக அரங்குகளிலும் பொது நூலகத்திலும் பொழுதைப் போக்கியதன் பயன் அது. மதிப்பெண் குறைந்து வரும் பிள்ளைகளைக் கண்டு மனமொடிந்துபோகும் பெற்றோர் இதனைச் சற்றே மனத்தில் கொள்ளலாம்.

1885-இல் தாய் இறந்தார். குடும்பத்தில் பணமுடை. படிப்பை நிறுத்திவிட்டு, மெல்பர்னில் யாரா ஆற்றின்மேல் எழுந்துகொண்டிருந்த பிரின்ஸஸ் பாலத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாண்டுகளுக்குள் புறநகர் இருப்புப்பாதை ஒன்றை அமைக்கும் பணி முழுவதையும் அந்த இளைஞர் கையில் ஒப்படைத்தனர். பகலில் மண்ணும் கல்லும், இரவில் புத்தகம் என்று வாழ்ந்து, விட்ட படிப்பை மீண்டும் பிடித்தார். பொறியியலில் இரு பட்டங்கள், பின்னர் கலை, சட்டம் என 1895-க்குள் நான்கு பட்டங்கள் பெற்றார்.

இதற்கிடையே மற்றொரு காரியமும் நடந்துவந்தது. 1884-இல், மாணவராக இருந்தபோதே, பல்கலைக்கழகத் தொண்டர் படையில் சேர்ந்திருந்தார். முழுநேரப் படையன்று இது. அவரவர் தொழிலைப் பார்த்துக்கொண்டு, மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் பயிற்சி பெறும் குடிமக்கள் படை. 1887-இல் கோட்டைப் பீரங்கிப் பிரிவில் அதிகாரியானார். பத்தாண்டுகள் சென்று மேஜர். 1908-இல் லெப்டினன்ட் கர்னல். 1913-இல் கர்னலாக ஒரு காலாட்படைப் பிரிகேடின் தலைவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் துப்பாக்கி வெடியை மைதானத்தில் மட்டுமே கேட்ட போர்வீரர் அவர்.

தொழிலில் அவரை உயர்த்தியதும் வருத்தியதும் கான்கிரீட்டே. பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான மோனியர் என்பவர், பூந்தொட்டி உடையாதிருக்கச் சிமென்டுக் கலவைக்குள் இரும்புக் கம்பி வலையை வைத்து வார்க்கும் வழியைக் கண்டிருந்தார். பூந்தொட்டியில் தொடங்கிய அந்த முறை பாலங்களுக்கும் வந்தது. 1899-இல் யாரா ஆற்றின்மேல் விக்டோரியாவின் முதல் மோனியர் பாலம் எழுந்தபோது, அதில் மொனாஷும் அவருடைய கூட்டாளி ஆண்டர்சனும் பங்கு கொண்டனர். நான்கு மரக்கட்டைகளை ஊன்றி மேலே பலகை பரப்பிய பாலங்களையே கண்டு பழகிய மக்களுக்கு, மெல்லிய கற்பலகை போன்ற அவ்வளைவு ஐயத்தையே தந்திருக்கும்.

அதன்பின் நேர்ந்ததே பெண்டிகோ விபத்து. அப்பாலம் ஓடையை நேராகக் கடக்காமல் மிகுந்த சாய்கோணத்தில் கடந்தது. அத்தகைய வளைவுகள் பாரத்தை எவ்வாறு தாங்குகின்றன என்பதை அக்காலக் கணக்கு முறை சரிவர அறிந்திருக்கவில்லை. புத்தகம் சொன்னபடிதான் கணக்கிட்டோம் என்று அவர்கள் விலகி நிற்கவில்லை. தங்கள் செலவிலேயே பாலத்தை மீண்டும் கட்டித் தந்தனர். ஃபயன்ஸ்ஃபோர்டு என்னுமிடத்தில் கட்டிய வேறொரு பாலத்துக்குச் சேரவேண்டிய பணமும் நீதிமன்ற வழக்காகி, முடிவில் தோல்வி கண்டது. ஆண்டர்சன் பிழைப்புத் தேடி நியூசிலாந்துக்குப் பெயர்ந்தார். கடன் சுமை மொனாஷின் தலைமேல் விழுந்தது. அதனைத் தீர்க்க அவருக்கு ஆண்டுகள் பல பிடித்தன. 1905-இல் தொடங்கிய கான்கிரீட் நிறுவனமே அவரைக் கரையேற்றிற்று.

பிற்காலத்தில் அவர் வகுத்த போர்த்திட்டங்களைப் படிக்குந்தோறும், முறிந்து விழுந்த அந்த வளைவு நம் கண்முன் வருகின்றது. ஒரு கணக்குப் பிழைத்தால் மனித உயிர் போகும் என்பதை அவர் ஏட்டில் படித்தவரல்லர்; கண்ணால் கண்டவர்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. 49 வயதில், சற்றே பருத்த உடலுடன், நான்காம் பிரிகேடின் தலைவராகப் புறப்பட்டார். 1915 ஏப்ரல் 26-இல் கல்லிப்பொலியில் கரையிறங்கினார். அங்கே அவர் பெரிதாகப் புகழ் பெற்றார் எனல் உண்மையாகாது. அவ்வாண்டு ஆகஸ்டில், மலையிடுக்குகளில் இருளில் நடந்த முன்னேற்றம் வழி தவறித் தோல்வியில் முடிந்தது. 1916-இல் மேஜர் ஜெனரலாகி மூன்றாம் டிவிஷனை இங்கிலாந்தில் பழக்கி, பிரான்சுக்குக் கொண்டுசென்றார்.

1917 அக்டோபரில் நடந்த பாஷென்டேல் போரைச் சொல்லாமல் செல்லுதல் தகாது. விடாத மழை. நிலம் முழுவதும் சேறு. பீரங்கிகளை முன்னே நகர்த்த இயலவில்லை. குறைந்தது 24 மணி நேரமாவது தாக்குதலைத் தள்ளிப்போடுங்கள் என்று மொனாஷ் மேலதிகாரியிடம் கேட்டார். மறுக்கப்பட்டது. அக்டோபர் 12-இல் அவருடைய டிவிஷன் சேற்றில் இறங்கியது. மாண்டும் காயமுற்றும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்து, தொடங்கிய இடத்துக்கே ஏறக்குறையத் திரும்பியது. பாரம் தாங்காது என்று அறிந்தும் வண்டியை ஏற்றச் சொன்ன கட்டளை அது. அவர் கீழ்ப்படிந்தார். கீழ்ப்படிந்தது சரியா என்று நம்மைக் கேட்டால், விடை சொல்லத் தயங்குவோம்.

1918 மே இறுதியில், ஐந்து ஆஸ்திரேலிய டிவிஷன்களும் அடங்கிய கோர் எனப்படும் பெரும்படைக்கு அவர் தலைவரானார். லெப்டினன்ட் ஜெனரல் பதவியும் கிடைத்தது. உடனே எழுந்தது எதிர்ப்பு. யூதர், புருஷியக் குடும்பத்தின் மகன், தொழில்முறைப் படைவீரர் அல்லர் – இவை போதாவோ? போர்ச் செய்தியாளர் சார்லஸ் பீனும், பத்திரிகையாளர் கீத் மர்டாக்கும் அவரை அகற்றி வேறொருவரை அமர்த்தத் தலைமையமைச்சர் ஹியூஸ் வரைக்கும் முயன்றனர். ஹியூஸ் நேரில் வந்து படைத்தலைவர்களை வினவினார். அவர்கள் மொனாஷையே விரும்பினர். பல ஆண்டுகளுக்குப் பின், தாங்கள் செய்தது நல்லெண்ணத்தோடு செய்த தவறான தலையீடு என்று பீன் ஒப்புக்கொண்டார். அவ்வளவு எழுதும் நேர்மை அவருக்கு இருந்ததைப் பாராட்டவே வேண்டும்.

ஹியூஸ் வந்து சென்ற இரண்டாம் நாள், ஜூலை 4-இல், ஹாமெல் என்னும் சிற்றூரின் போர். இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். மொனாஷ் என்னும் பொறியாளரை முழுமையாகக் காண்பது இங்கேதான்.

காலாட்படை வீரனின் வேலை, எந்திரத் துப்பாக்கிக்கு முன் நெஞ்சைக் காட்டி மடிவதன்று. பீரங்கி, டாங்கி, விமானம் ஆகிய அனைத்தின் காப்பிலும் முன்சென்று, பிடித்த நிலத்தைக் காப்பதே அவன் வேலை என்பது அவர் கொள்கை. ஆகவே ஒவ்வொன்றையும் எண்ணி வைத்தார். இறுதி ஆலோசனைக் கூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஐயம் தீர்ந்தபின்னரே அடுத்ததற்குச் சென்றார். அதன்பின் எந்த மாற்றமும் கூடாது என்றார். முந்தைய ஆண்டு புல்லெகூர் என்னுமிடத்தில் டாங்கிகள் கைவிட்டதால் அவருடைய பழைய நான்காம் பிரிகேட் பேரிழப்புக்கு ஆளாகியிருந்தது. வீரர்களுக்கு டாங்கி என்றாலே கசப்பு. ஆதலால் அவர்களைக் கூட்டங்கூட்டமாக டாங்கிப் பாசறைக்கு அனுப்பி, அவற்றில் ஏறி விளையாடவும் ஓட்டுநர்களுடன் பழகவும் செய்தார். பகைவரின் பழக்கத்தையும் கணக்கில் சேர்த்தார். சில நாள்கள் தொடர்ந்து விடியற்காலையில் புகைக் குண்டுகளையும் நச்சு வாயுக் குண்டுகளையும் கலந்து வீசச் செய்தார். போர் நாளில் புகை மட்டுமே. பகைவரோ பழக்கத்தால் வாயுக் கவசம் மாட்டிக்கொண்டு கண் தெரியாமல் நின்றனர். டாங்கிகளின் இரைச்சல் கேளாதிருக்க விமானங்கள் மேலே பறந்தன. ஆயிரத்து இருநூறு பேர் தோளில் சுமக்கவேண்டிய தளவாடங்களை நான்கு சுமை டாங்கிகள் கொண்டுசென்றன. தோட்டாப் பெட்டிகள் வானிலிருந்து பாராசூட்டில் இறங்கின.

அமெரிக்க வீரர் சிலரும் உடன் போரிட்ட அத்தாக்குதலுக்கு அவர் குறித்த நேரம் 90 நிமிடம். முடிந்தது 93 நிமிடத்தில். நம் ஊரில் ஒரு திருமண வீட்டுப் பந்தியைக்கூட இவ்வளவு துல்லியமாக முடிக்க இயலாது! ஆயினும் இரு நாட்டினரிலும் சேர்ந்து ஏறத்தாழ 1,400 பேர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். அக்காலப் போர்களை நோக்க அது குறைவு. அந்த வீடுகளுக்கோ குறைவன்று.

ஆகஸ்டு 8-இல் ஆமியான் அருகே, கனடியர்கள் பக்கத்தில் நிற்க, இதே முறை பன்மடங்கு பெரிதாக நடைபெற்றது. செருமானியப் படைக்கு அது கரிய நாள் என்று அவர்களுடைய தலைவர் லூடன்டார்ஃபே எழுதினார். நான்கு நாள்கள் கழித்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெர்டாங்கிள் மாளிகைக்கு வந்து மொனாஷுக்கு ‘சர்’ பட்டம் வழங்கினார். அவர் பட்டங்களை விரும்பியவர்தாம். தம் வெற்றிகளைத் தாமே நூலாக எழுதி, சற்றுக் கூட்டியும் சொன்னவர். அந்த இலையுதிர்காலத்தில் களைத்துப்போன வீரர்களை மேலும் மேலும் முன்னே செலுத்தினார் என்னும் குற்றச்சாட்டும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. அக்டோபர் 5-ஆம் நாளுடன் அப்படை முன்னணியிலிருந்து விலக்கப்பட்டது.

போர் முடிந்தபின் ஏறத்தாழ 1,60,000 வீரர்களை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு அவரிடம் வந்தது. கப்பல் போதாது, எல்லாரும் முதலில் போக விரும்பினர். முதலில் வந்தவன் முதலில் செல்வான் என்று விதி செய்தார். காத்திருப்போர் தொழில் கற்க வழி வகுத்தார். எட்டு மாதங்களில் பெரும்பகுதி முடிந்தது. அவரோ 1919 டிசம்பர் 26-இல்தான் மெல்பர்ன் சேர்ந்தார். 1920 பிப்ரவரியில் மனைவி புற்றுநோயால் இறந்தார்.

அதன்பிறகு அவர் எடுத்துக்கொண்ட பணி, போர்க்களப் புகழைவிட நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. விக்டோரியா மாநிலம் எரிபொருளுக்குப் பக்கத்து மாநிலத்துச் சுரங்கங்களையே நம்பியிருந்தது. அங்கே வேலைநிறுத்தம் என்றால் இங்கே இருள். லட்ரோப் பள்ளத்தாக்கில் பழுப்பு நிலக்கரி – நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அந்த இனம் – மலைமலையாய்க் கிடந்தது. ஆனால் புதிய சுரங்கத்தில் வெட்டிய கரியில் எடையில் மூன்றில் இரு பங்கு தண்ணீர்! பழைய சுரங்கத்துக் கரியை எண்ணித் திட்டமிட்ட கொதிகலன்கள் திணறின. மின்வாரியத் தலைவராக இருந்த மொனாஷ் அவற்றை மாற்றியமைத்தார். கரியை உலர்த்திக் கட்டிகளாக்கும் ஆலையையும் எழுப்பினார். 1924 ஜூனில் யாலூர்ன் மின்சாரம் மெல்பர்னைச் சேர்ந்தது.

ஒருமுறை மாநில அமைச்சரவை அவருடைய கோரிக்கையொன்றை மறுத்துவிட்டது. மொனாஷ் நேரே கூட்டத்துக்குள் நுழைந்து, நீங்கள் மறுத்தது புரியாமையால்தான் இருக்கவேண்டும், விளக்குகிறேன் என்று நின்றுகொண்டே விளக்கினாராம். முடிந்ததும் கையொப்பமிடவேண்டிய ஆணையையும் எடுத்து நீட்டினாராம். அங்கே இளம் அமைச்சராக அமர்ந்திருந்து, பின்னாளில் தலைமையமைச்சரான மென்சீஸ் கூறிய செய்தி இது. அத்தகையவரை 1930-ஐ ஒட்டிய பஞ்சக் காலத்தில் சிலர் அணுகி, ஆட்சியைக் கைப்பற்றித் தலைமை தாங்குங்கள் என்றனர். வாக்குச்சீட்டே வழி என்று கூறி அவர்களைத் திருப்பியனுப்பினார்.

1929-இல் முழு ஜெனரலாக உயர்த்தப்பெற்ற அவர், 1931 அக்டோபர் 8-இல் மெல்பர்னில் காலமானார். இறுதி ஊர்வலத்தைக் காண இரண்டரை லட்சம் பேருக்குக் குறையாமல் கூடினர் என்பர். பின்னாளில் ஒரு பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பெற்றது. நாட்டின் நூறு டாலர் நோட்டில் அவர் முகம் இடம்பெற்றது. அவர் எழுப்பிய யாலூர்ன் நகரோ, அடியிலிருந்த கரிக்காகவே 1980-களில் இடித்து அகற்றப்பட்டுவிட்டது. மெல்பர்ன் அருகே பிரைட்டன் கல்லறைத் தோட்டத்தில், யூத முறைப்படி அவரை அடக்கம் செய்தனர். பட்டமும் பதவியும் ஒன்றும் வேண்டா என்று அவரே கேட்டுக்கொண்டபடி, கல்லில் ‘ஜான் மொனாஷ்’ என்று மட்டும் பொறித்திருக்கின்றனர்.