செகண்ட் லைஃப் சந்தையில் பொருள் ஒப்படைப்பு முறை மாற்றம்

செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகின் இணையச் சந்தையில் விற்கப்படும் பொருட்களை வாங்குபவரிடம் கொண்டு சேர்க்கும் நுட்பம் இரு முறை முற்றிலுமாக மாற்றப்பட்டது. முதலில் மேஜிக் பாக்ஸ் எனப்பட்ட மாயப்பெட்டி முறை வழக்கில் இருந்தது. 2012 ஆம் ஆண்டு டைரக்ட் டெலிவரி எனப்பட்ட நேரடி ஒப்படைப்பு முறையும், 2015 ஆம் ஆண்டு வியூவர் மேனேஜ்டு மார்க்கெட்பிளேஸ் எனப்படும் முறையும் அறிமுகப்படுத்தப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வணிகர்கள் தம் கடையின் விற்பனைப் பதிவுகளைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்குப் பெயர்க்க வேண்டியிருந்தது. இக்கட்டுரை அம்முறைகள் இயங்கும் விதத்தையும், பெயர்ப்பின்போது எவை காக்கப்பட்டன, எவை இழக்க நேர்ந்தன என்பதையும் விளக்குகிறது.

பின்னணி

செகண்ட் லைஃப், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனத்தால் 2003 ஜூன் 23 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்நிறுவனத்தை பிலிப் ரோஸ்டேல் 1999 இல் தொடங்கினார். இவ்வுலகில் காணப்படும் வீடுகள், உடைகள், மரங்கள், ஊர்திகள் முதலியவற்றில் பெரும்பாலானவை பயனர்களாலேயே உருவாக்கப்பட்டவை. அவற்றை அவர்கள் லிண்டன் டாலர் என்னும் உள்நாணயத்துக்கு விற்கின்றனர். இந்நாணயத்தை அமெரிக்க டாலராகவும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே இங்கு நடைபெறும் வணிகம் வெறும் விளையாட்டன்று. சிலருக்கு அது வருவாய் தரும் தொழிலாகவும் உள்ளது.

தொடக்கத்தில் வணிகர்கள் மெய்நிகர் நிலத்தில் கடை கட்டி விற்றனர். பின்னர் இணையத்தளம் வழியாக விற்கும் சந்தைகள் தோன்றின. அவற்றுள் எஸ்.எல். எக்ஸ்சேஞ்ச், ஆன்ரெஸ் ஆகியன குறிப்பிடத்தக்கவை. எஸ்.எல். எக்ஸ்சேஞ்ச் பின்னர் எக்ஸ்ஸ்ட்ரீட் எஸ்.எல். எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2009 ஜனவரியில் லிண்டன் லேப் இவ்விரு சந்தைகளையும் வாங்கியது. 2010 இல் எக்ஸ்ஸ்ட்ரீட் தளத்துக்கு மாற்றாக செகண்ட் லைஃப் மார்க்கெட்பிளேஸ் என்னும் சந்தை உருவானது.

விற்பனைப் பதிவும் பொருளும்

ஒப்படைப்பு முறை மாற்றத்தைப் புரிந்துகொள்ள, விற்பனைப் பதிவு வேறு, பொருள் வேறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். விற்பனைப் பதிவு என்பது இணையத்தளத்தில் காணப்படும் பக்கம் ஆகும். அதில் பெயர், படம், விலை, விளக்கம், வாங்கியோரின் மதிப்புரைகள் ஆகியன இருக்கும். பொருள் என்பது மெய்நிகர் உலகின் உள்ளே இருக்கும் கோப்பு ஆகும். இரண்டையும் இணைக்கும் தொடுப்பு ஒன்று உண்டு. அத்தொடுப்பு அறுந்தால் பணம் செலுத்தியவருக்குப் பொருள் கிடைக்காது. தவறாக இணைந்தால் வேறு பொருள் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஈரோடு மாவட்டத்தின் பவானி நகரில் கைத்தறியில் நெய்யப்படும் ஜமக்காளத்தைப் போன்று வண்ணப் பட்டைகள் கொண்ட விரிப்பு ஒன்றை ஒருவர் மெய்நிகர் உலகில் வடிவமைத்து விற்பதாகக் கொள்வோம். உண்மையான ஜமக்காளம் ஒன்றை விற்றால் நெசவாளரிடம் இருப்பில் ஒன்று குறையும். மெய்நிகர் விரிப்பு அவ்வாறு குறைய வேண்டியதில்லை. அது குறைவதும் குறையாததும் அப்பொருளுக்கு வழங்கப்பட்டுள்ள அனுமதிகளைப் பொறுத்தது.

செகண்ட் லைஃபில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று அனுமதிகள் உள்ளன:

1. படியெடுத்தல் - பொருளை எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம்.
2. மாற்றியமைத்தல் - நிறம், அளவு போன்றவற்றை மாற்றலாம்.
3. கைமாற்றுதல் - பொருளைப் பிறருக்குக் கொடுக்கலாம் அல்லது விற்கலாம்.

வணிகர் கையில் படியெடுக்கும் அனுமதியுடன் உள்ள விரிப்பை எத்தனை முறை விற்றாலும் மூலப்படி அவரிடமே இருக்கும். அவ்வனுமதி இல்லாத விரிப்போ உண்மையான ஜமக்காளத்தைப் போன்றது. பத்து இருந்தால் பத்தே விற்க முடியும். இவ்வேறுபாடே பின்னர் பெயர்ப்பில் பெரும் சிக்கலாக அமைந்தது.

மேஜிக் பாக்ஸ் முறை

மேஜிக் பாக்ஸ் என்பது மெய்நிகர் நிலத்தில் வைக்கப்படும் ஒரு பெட்டி ஆகும். அதனுள் ஒரு நிரல் இருக்கும். வணிகர் விற்க வேண்டிய பொருட்களைப் பெட்டிக்குள் இடுவார். இணையத்தளத்தில் ஒருவர் பணம் செலுத்தியதும் தளம் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டியில் உள்ள நிரல் குறித்த பெயருடைய பொருளை எடுத்து வாங்குபவருக்குக் கொடுக்கும்.

இம்முறையின் குறைகள் பின்வருமாறு:

- பெட்டியை வைக்க நிலம் தேவை. நிலம் இல்லாதோர் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும்.
- நிலப்பகுதி ஒவ்வொன்றும் ஒரு வழங்கிக் கணினியில் இயங்குகிறது. அது நின்றுபோனாலோ மறுதொடக்கம் செய்யப்பட்டாலோ பெட்டியும் செயலற்றுவிடும்.
- நில உரிமை முடிவுற்றால் பெட்டி உரிமையாளரின் உடைமைத் தொகுப்புக்குத் திருப்பி அனுப்பப்படும். அப்பெட்டியை நம்பியிருந்த பதிவுகள் அனைத்தும் பொருளற்று நிற்கும்.
- வாங்குபவர் இணைப்பில் இல்லாதபோது அவருக்கு வந்து சேரும் செய்திகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அவ்வரம்பு மீறப்பட்டால் அனுப்பிய பொருளும் தொலைந்துபோகக் கூடும்.
- பல பொருட்கள் ஒரே பெட்டியில் கட்டி அனுப்பப்பட்டதால், வாங்குபவர் அதனைத் தரையில் வைத்துத் திறக்க வேண்டியிருந்தது. சொந்த நிலம் இல்லாதோர் பொது மணல்வெளிகளுக்குச் செல்ல நேர்ந்தது.

சுருங்கக் கூறின், கடை இணையத்தில் இருந்தாலும் கிடங்கு நிலத்தில் இருந்தது. நிலத்துக்கு நேரும் இடர் அனைத்தும் கடைக்கும் நேர்ந்தது.

டைரக்ட் டெலிவரி முறை

2012 மார்ச் 21 அன்று டைரக்ட் டெலிவரி முறை நடைமுறைக்கு வந்தது. இதில் கிடங்கு நிலத்திலிருந்து சந்தையின் வழங்கிக்கு மாற்றப்பட்டது. செகண்ட் லைஃபைக் காணப் பயன்படும் வியூவர் மென்பொருளில் மெர்ச்சன்ட் அவுட்பாக்ஸ் என்னும் அனுப்புப் பெட்டி சேர்க்கப்பட்டது. வாங்குபவரின் உடைமைத் தொகுப்பில் ரிசீவ்டு ஐட்டம்ஸ் என்னும் கோப்புறை உருவானது. வாங்கிய பொருள் நேராக அக்கோப்புறைக்குச் சென்று சேர்ந்தது. பொருட்களைப் பெட்டியில் கட்டாமல் கோப்புறையாகவே அனுப்ப முடிந்ததால், தரையில் வைத்துத் திறக்கும் தேவையும் குறைந்தது.

ஒரு கடையைப் பெயர்க்கும் படிநிலைகள் பின்வருமாறு அமைந்தன:

1. ஒவ்வொரு விற்பனைப் பொருளுக்கும் ஒரு கோப்புறை உருவாக்கி, அதனுள் தொடர்புடைய கோப்புகளை இடுதல்.
2. அக்கோப்புறைகளை அனுப்புப் பெட்டியில் இட்டுச் சந்தைக்கு அனுப்புதல்.
3. இணையத்தளத்தின் பெயர்ப்புப் பக்கத்தில் பழைய பதிவுடன் புதிய கோப்புறையை இணைத்தல். பெயர்கள் ஒன்றாக இருப்பின் கருவியே பொருத்தம் காட்டும்.
4. பொருளைத் தமக்கே அனுப்பிச் சோதித்தல்.
5. பெயர்ப்பு முடிந்த பின்னர் நிலத்தில் உள்ள பெட்டியை அகற்றுதல்.

மூன்றாம் படி மிக முக்கியமானது. பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிய பதிவு தொடங்குவதும் இயலும். ஆனால் அவ்வாறு செய்தால் பதிவின் எண் மாறும். எண் மாறினால் பக்கத்தின் முகவரியும் மாறும். பிற இடங்களில் தரப்பட்ட தொடுப்புகள் பயனற்றுப்போகும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த மதிப்புரைகளும் மறையும். புதிதாக வாங்க வருபவர் வணிகரை நம்புவதற்கு அம்மதிப்புரைகளே சான்று. ஆகையால் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்னுள்ள பொருளை மட்டும் மாற்றுவதே பெயர்ப்பின் நோக்கமாக இருந்தது.

இம்முறையிலும் குறைகள் இருந்தன. அறிமுகமான ஆண்டிலேயே சில பதிவுகளில் வேறு பொருட்களின் படங்களும் விவரங்களும் கலந்து தோன்றியதாக வணிகர்கள் முறையிட்டனர். மேலும், சந்தைக்கு அனுப்பப்பட்ட படியை வணிகரால் தம் உடைமைத் தொகுப்பில் காண இயலாது. பொருளில் சிறு திருத்தம் செய்தாலும் மீண்டும் அனுப்பி மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, படியெடுக்க இயலாப் பொருட்களை இம்முறை ஏற்கவில்லை. அவற்றை விற்போர் மேஜிக் பாக்ஸ் முறையையே தொடர்ந்து பயன்படுத்தினர். இதனால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இரு முறைகளும் அருகருகே இயங்கின.

வியூவர் மேனேஜ்டு மார்க்கெட்பிளேஸ் முறை

2015 ஜூலையில் மூன்றாம் முறை நடைமுறைக்கு வந்தது. இதில் கிடங்கு வணிகரின் உடைமைத் தொகுப்புக்கே வந்தது. வியூவர் மென்பொருளில் மார்க்கெட்பிளேஸ் லிஸ்டிங்ஸ் என்னும் தனிக் கோப்புறை சேர்க்கப்பட்டது. அதன் அமைப்பு மூன்று அடுக்குகளைக் கொண்டது:

- பதிவுக் கோப்புறை: இணையத்தளத்தில் உள்ள ஒரு விற்பனைப் பதிவுக்கு இணையானது. பதிவின் எண் இதனுடன் இணைக்கப்படும்.
- பதிப்புக் கோப்புறை: விற்கப்படும் பொருளின் ஒரு பதிப்பைக் கொண்டது. ஒரு பதிவின் கீழ்ப் பல பதிப்புகள் இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே செயலில் இருக்கும்.
- இருப்புக் கோப்புறை: படியெடுக்க இயலாப் பொருட்களுக்கு உரியது. உள்ளே எத்தனை உள்ளனவோ அதுவே இருப்பு. ஒவ்வொரு விற்பனையிலும் ஒன்று குறையும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில், விரிப்பின் பட்டைகளைத் திருத்திய வணிகர் புதிய பதிப்புக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதனைச் செயலில் வைத்தால் போதும். பதிவும் மதிப்புரைகளும் மாறா. பழைய பதிப்பும் அருகிலேயே இருக்கும். தேவையெனில் அதற்கே திரும்பலாம்.

இவ்வசதிக்கு மறுபக்கமும் உண்டு. செயலில் உள்ள பதிப்பில் செய்யப்படும் மாற்றம் உடனடியாகக் கடையில் நடைமுறைக்கு வரும். தவறுதலாக ஒரு பொருளை அக்கோப்புறைக்குள் இழுத்துவிட்டால் அடுத்து வாங்குபவருக்கு அதுவும் சேர்ந்தே செல்லும். அப்பொருள் படியெடுக்க இயலாததாயின் வணிகரிடம் மீண்டும் இருக்காது.

பெயர்ப்பில் பின்தங்கியோர்

மூன்றாம் முறைக்கான பெயர்ப்பு இரு வகையாக நடைபெற்றது. டைரக்ட் டெலிவரி முறையில் இருந்த பதிவுகளை வணிகர் தாமே பெயர்க்கலாம். செய்யாதோரின் பதிவுகளை லிண்டன் லேப் தானியங்கு முறையில் பெயர்த்தது. பொருட்கள் ஏற்கனவே நிறுவனத்தின் வழங்கியில் இருந்ததால் இது இயன்றது. நீண்ட காலம் உள்நுழையாத வணிகர்களின் கடைகளும் இதனால் தொடர்ந்து இயங்கின.

மேஜிக் பாக்ஸ் முறையில் எஞ்சியிருந்த பொருட்களின் நிலை வேறு. அவை உரிமையாளரின் நிலத்தில், உரிமையாளரின் பெட்டிக்குள் இருந்தன. அவற்றை எடுத்து இருப்புக் கோப்புறையில் இட உரிமையாளரே வர வேண்டும். அவ்வாறு பெயர்க்கப்படாத பதிவுகள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. விலகிச் சென்றோர், மறைந்தோர் ஆகியோரின் பெட்டிகளைத் திறக்க வேறு எவருக்கும் அனுமதி இல்லை. படியெடுக்கும் அனுமதி இல்லாத பொருள் என்பதால் வேறிடத்தில் மறுபடி இருக்கவும் வாய்ப்பில்லை. ஆகவே எண்ணிக்கை வரம்புடைய அரிய பொருட்களே இம்மாற்றத்தில் இழப்புக்கு மிகுதியாக ஆட்பட்டன.

ஒப்பீடு

- மேஜிக் பாக்ஸ்: பொருள் இருக்குமிடம் நிலம், பொறுப்பு வணிகருடையது, இரு வகைப் பொருட்களையும் ஏற்கும்.
- டைரக்ட் டெலிவரி: பொருள் இருக்குமிடம் சந்தையின் வழங்கி, பொறுப்பு நிறுவனத்துடையது, படியெடுக்கத்தக்க பொருட்களை மட்டும் ஏற்கும்.
- வியூவர் மேனேஜ்டு மார்க்கெட்பிளேஸ்: பொருள் இருக்குமிடம் வணிகரின் உடைமைத் தொகுப்பு, அத்தொகுப்பைச் சேமிப்பது நிறுவனம், ஒழுங்குபடுத்துவது வணிகர், இரு வகைப் பொருட்களையும் ஏற்கும்.

மூன்று முறைகளிலும் வாங்குபவர் கண்ட பக்கம் ஏறத்தாழ ஒன்றே. மாறியது அப்பக்கத்துக்குப் பின்னுள்ள பொருள் எங்கே, யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதே ஆகும்.