ராம்கரில் சட்டம் வந்த வேளை

அமெரிக்க மேற்கெல்லையில், சட்டம் எட்டாத ஊர்களில் துப்பாக்கியே நீதி வழங்கியதாகக் கூறும் கதைகளை ‘வெஸ்டர்ன்’ படங்கள் என்பர். குதிரையும் புழுதியும் கிடைத்தால் அத்தகைய படத்தை எங்கும் எடுத்துவிடலாம். அயல்மண்ணில் அது வேரூன்றுவதன்றோ அரிது! 1975 ஆகஸ்டு 15 அன்று வெளியான ‘ஷோலே’ அவ்வாறு வேரூன்றியது. பெங்களூரில் வாழும் நம்மவர் மைசூர்ச் சாலையில் செல்லுங்கால் காணும் ராமநகரப் பாறைகளிடையேதான் அதன் ராம்கர் கிராமம் அமைக்கப்பட்டது.

குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) என்னும் ஜப்பானியப் படத்தில், கொள்ளையரை எதிர்க்க உழவர்கள் கூடி வீரரை அமர்த்துகின்றனர். 1960இல் அமெரிக்கர் அதனைக் கௌபாய்ப் படமாக்கினர். ‘ஷோலே’யிலோ ஆளமர்த்துபவர் ஒருவரே: கொள்ளைக்காரன் கப்பரால் குடும்பத்தையும் இரு கைகளையும் இழந்த முன்னாள் காவல் அதிகாரி தாக்குர். சட்டத்தைக் காத்தவரே அதை விடுத்து இரு திருடரின் துணையை நாடுகிறார்.

முடிவில் அவர் ஆணி பதித்த காலணியால் கப்பரை மிதித்துக் கொல்வதாகவே இயக்குநர் ரமேஷ் சிப்பி எடுத்திருந்தார். அப்போது நாட்டில் நெருக்கடிநிலை. காவல்துறையில் இருந்தவர் சட்டத்தைத் தம் கையில் எடுப்பதைத் தணிக்கையாளர் ஏற்கவில்லை. கையற்றவர் என்பதும் கருதப்படவில்லை போலும்! காட்சி மாற்றி எடுக்கப்பட்டது. காவலர் வந்து தடுக்க, கப்பர் பிடிபடுகிறான். அவன் ஊரைச் சூறையாடிய நாள்களிலெல்லாம் காணாத போலீசார் அக்கணத்தில் மட்டும் தவறாது வந்துவிடுவது நமக்கு என்றும் நெருடியதுண்டு.

அரை நூற்றாண்டு கழித்து, முதலில் எடுத்த முடிவுடன் மீட்டமைக்கப்பட்ட படம் 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனியா நகரில் திரையிடப்பட்டது.