பாலூட்டும் தாயின் நாள்திட்டம்

நாட்டு வருமானக் கணக்கில் இடம்பெறாத உழைப்புகளுள் முதன்மையானது வீட்டில் பெண்கள் ஆற்றும் உழைப்பாகும். சமையல், துப்புரவு, நீர் கொணர்தல், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்குச் சந்தையில் விலை இல்லை. ஆகவே அவற்றைப் பண மதிப்பில் அளப்பது அரிது. ஆனால் நேரத்தில் அளக்கலாம். 1998-99ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் இதற்கான முன்னோடி ஆய்வொன்று நடைபெற்றது. நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வுகளைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் மேற்கொண்டது. 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுள் ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடுவோர் 2019இல் நாளொன்றுக்குச் சராசரியாக 315 நிமிடங்களும், 2024இல் 305 நிமிடங்களும் அவற்றில் செலவிட்டனர். குடும்பத்தினரைப் பேணும் பணியில் ஈடுபடும் பெண்கள் 2024இல் மேலும் 140 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் செலவிட்டது 74 நிமிடங்கள். ஐந்து ஆண்டுகளில் குறைந்த பத்து நிமிடங்களைப் பெரிய முன்னேற்றம் எனக் கொள்வது கடினம்.

இவை சராசரிகள். வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது தாயின் நாள் எவ்வாறு அமைகிறது, அதைத் திட்டமிட அவளுக்கு எவ்வளவு உரிமை உள்ளது என்பதைத் தனியே நோக்க வேண்டும். பல வகை வேலைகளுக்குப் பெண்கள் செல்லும் தலைநகரமாகிய தில்லி இதற்கு ஏற்ற களமாகும்.

குழந்தையின் கடிகாரம்

பிறந்த குழந்தைக்கு இரவு பகல் வேறுபாடு இல்லை. நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை அது உறங்கினாலும், அவ்வுறக்கம் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகவே அமைகிறது. உடலின் இரவு பகல் ஒழுங்கு இரண்டு மூன்று மாதங்களில்தான் உருவாகத் தொடங்குகிறது. முதல் வாரங்களில் தாய்ப்பால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை தரப்பட வேண்டும். ஒரு முறைக்கு 20 நிமிடங்கள் எனக் கொண்டாலும், பாலூட்டுவதற்கு மட்டுமே 2 மணி 40 நிமிடம் முதல் 4 மணி நேரம் வரை ஆகிறது. துணி மாற்றுவதும், துவைப்பதும், உறங்கவைப்பதும் இதில் சேரவில்லை.

ஆதலால் முதல் ஆறு வாரங்களில் கடிகாரத்தைக் கொண்டு குழந்தையை ஒழுங்குபடுத்த முனைவது வீண் முயற்சியே. குழந்தை பசிக்குறிப்புக் காட்டும்போது பால் தருவதும், அது உறங்கும்போது தாயும் உறங்குவதுமே அந்நாட்களுக்குரிய திட்டம். அடிக்கடி குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரப்பும் பெருகுகிறது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் அடுப்படியிலிருந்து விலக்கி வைத்த வழக்கத்தில் தீட்டு பற்றிய நம்பிக்கை கலந்திருந்தபோதிலும், நேரக் கணக்கின்படி அதில் ஒரு நன்மை இருந்தது. அவளது 305 நிமிடங்களை வேறொருவர் ஏற்றுக்கொண்டனர். மாமியாரோ தாயோ உடனில்லாத தில்லிச் சிறு குடும்பத்தில் அவ்வேறொருவர் கணவராகத்தான் இருக்க முடியும். மத்திய அரசில் பணிபுரியும் தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் இதைக் கட்டாயமாக்கும் பொதுச் சட்டம் இல்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து ஓரளவு ஒழுங்கு சாத்தியமாகிறது. குளிப்பாட்டும் வேளை, மாலையில் விளக்கைக் குறைத்து உறங்கவைக்கும் வேளை என இரண்டு மூன்று செயல்களை நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்தால், மற்றவை அவற்றைச் சுற்றி அமைந்துவிடும். தில்லியில் அவ்வேளைகளை ஊரும் ஒருவாறு முடிவு செய்கிறது. பனி மூடிய சனவரியில் நண்பகல் வெயில் வந்த பின்னரே குழந்தையைக் குளிப்பாட்ட முடியும். பல குடியிருப்புகளில் குழாய் நீர் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரமே வருவதால், குழந்தை உறங்குகிறதா என்று பாராமல் தாய் அப்போது நீர் பிடித்தாக வேண்டும். கோடையில் குழந்தைக்குத் தாகம் எடுக்குமென்று தண்ணீர் புகட்டுவது பரவலாகக் காணப்படும் தவறு. முதல் ஆறு மாதங்களுக்கு வெயில் காலத்திலும் தாய்ப்பாலே போதுமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

அலுவலகத் தாய்

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பு அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு இதனை 26 வாரங்களாக உயர்த்தியது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008ஆம் ஆண்டு முதலே 180 நாட்கள் உண்டு. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021ஆம் ஆண்டு முதல் ஓராண்டு வழங்குகிறது. 26 வாரம் என்பது ஏறத்தாழ ஆறு மாதம். தாய்ப்பால் மட்டுமே தர வேண்டிய காலமும் அதுவே. இரண்டும் பொருந்துவதாகத் தோன்றலாம். எனினும், பேறுகாலத்துக்கு முன்னர் 8 வாரம் வரை விடுப்பு எடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு எடுத்தவள் பணிக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு 18 வாரம்தான் ஆகியிருக்கும்.

அவளது நாளைக் கணக்கிடுவோம். உணவு இடைவேளை உட்பட எட்டரை மணி நேர அலுவலகம், செல்ல ஒரு மணி, திரும்ப ஒரு மணி. பத்தரை மணி நேரம் அவள் வீட்டில் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் குடிக்கும் குழந்தைக்கு இதில் மூன்று வேளை தவறிப்போகும். குழந்தைக்குப் 15 மாதம் நிறையும் வரை ஓய்வு இடைவேளையுடன் கூடுதலாக நாளொன்றுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. சுரங்கங்களுக்கும் சர்க்கஸ் நிறுவனங்களுக்குமான 1963ஆம் ஆண்டின் மத்திய விதிகள் இந்த இடைவேளை ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்று வரையறுத்து, காப்பகத்துக்குச் சென்று வர 5 நிமிடத்துக்குக் குறையாமலும் 15 நிமிடத்துக்கு மிகாமலும் கூடுதல் நேரம் அளித்தன. குழந்தை எவ்வளவு தொலைவில் இருக்கலாம் என்பதையே அவ்விதிகள் மறைமுகமாகச் சொல்லிவிட்டன. காப்பகம் இல்லாத அலுவலகத்தில் இந்த உரிமை ஏட்டளவில்தான் நிற்கும்.

பாலைக் கறந்து வைத்துவிட்டுச் செல்லலாமே என்பர். 25 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் கறந்த பால் நான்கு மணி நேரம் வரை கெடாதிருக்கும். குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாட்கள் வரை வைக்கலாம். தில்லியின் மே மாத வெப்பம் 40 டிகிரியைக் கடப்பது வழக்கமாதலால், குளிர்பதனப் பெட்டியும் தடையற்ற மின்சாரமும் உள்ள வீட்டுக்கே இந்த வழி பொருந்தும். அலுவலகத்திலும் பால் கறக்கக் கதவடைத்த ஓர் அறை வேண்டும்.

காப்பகம் அமைக்கும் பொறுப்பை யார் மீது சுமத்துவது என்பதில் சட்டம் மெல்லவே நகர்ந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30க்கு மேற்பட்ட பெண்கள் உள்ள ஆலைகளையும், 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 50க்கு மேற்பட்ட பெண்கள் உள்ள பணியிடங்களையும் குறிப்பிட்டன. பெண்களின் எண்ணிக்கையை வரம்புக்குள் வைத்துக்கொண்டு பொறுப்பிலிருந்து நழுவ இது இடமளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண் பெண் இரு பாலாரையும் எண்ணி, 50 பணியாளர் உள்ள நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று காணவும் வழி செய்தது. காப்பகம் 500 மீட்டருக்குள் அமைய வேண்டுமென்று 2018ஆம் ஆண்டு வழிகாட்டுக் குறிப்புகள் கூறின. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 50 பணியாளர் என்ற வரம்பு, நான்கு முறை சென்று காணும் உரிமை, இரு பாலூட்டும் இடைவேளைகள் ஆகியவை இடம்பெற்றுள்ளன.

ராஜ்காட்டில் ஒரு கூடாரம்

இச்சட்டங்கள் பலவற்றுக்கு முன்பே தில்லியில் ஒரு முயற்சி நடந்தது. 1969ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி ராஜ்காட் அருகே கண்காட்சிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. செங்கல்லும் மணலும் சுமந்த பெண்களின் குழந்தைகள் வேலையிடத்திலேயே புழுதியில் விடப்பட்டிருந்தனர். இதனைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெச்சஸ்' என்னும் நிறுவனம் இவ்வாறு பிறந்தது. கட்டடம் முடிந்ததும் தொழிலாளர் அடுத்த பணியிடத்துக்குச் செல்வர். காப்பகமும் அவர்களுடன் இடம் மாறும். 'மொபைல்' என்ற சொல் அதனாலேயே பெயரில் இடம்பெற்றது.

இம்முறையின் சிறப்பு, காப்பகத்தின் நேரம் தாயின் வேலை நேரத்தோடு ஒத்திருந்தமையே. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் அது இயங்கியது. தாய் வேலைக்கு வரும்போது குழந்தையை ஒப்படைத்து, இடைவேளைகளில் சில அடி தூரம் நடந்து வந்து பாலூட்டி, மாலையில் தூக்கிச் சென்றாள். அவளது நாள்திட்டத்தில் பயண நேரம் என்ற இனமே இல்லாமற்போயிற்று. பயன் அவளோடு நிற்கவில்லை. காப்பகம் இல்லாத இடங்களில் தம்பி தங்கையைச் சுமப்பவள் பெரும்பாலும் ஏழெட்டு வயது மூத்த மகள்தான். கைக்குழந்தைக்கு இடம் கிடைத்தால் அச்சிறுமிக்குப் பள்ளி செல்ல நேரம் கிடைக்கும். காப்பகத்தோடு பால்வாடியும், வளர்ந்த பிள்ளைகளுக்கான வகுப்பும் சேர்த்து நடத்தப்பட்டதற்குக் காரணம் இதுவே.

தில்லி அனுபவத்தை நன்கு அறிந்த மீனா சுவாமிநாதன் தலைமையில், பள்ளிப் பருவத்துக்கு முந்திய குழந்தைகளின் வளர்ச்சி பற்றி ஆராய்ந்த குழு 1972ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகள் ஊட்டச்சத்துக்கும் தடுப்பூசிக்கும் செய்த பணி பெரிது. எனினும் நாளில் சில மணி நேரமே திறந்திருக்கும் மையத்தை நம்பி எந்தத் தாயும் முழுநாள் வேலைக்குச் செல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் தேசியக் காப்பகத் திட்டம் நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் என வகுத்தது. 2022ஆம் ஆண்டு முதல் 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைக்கும் முறையும் வந்துள்ளது.

ஆறு மாத இடைவெளி

இத்திட்டங்களின் காப்பகங்கள் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளையே ஏற்கின்றன. அதற்கு முன் குழந்தை தாயிடம் இருப்பதே நலம் என்பது இதன் அடிப்படை. மருத்துவ நோக்கில் சரியானதே. ஆனால் 26 வார ஊதிய விடுப்பு உள்ளவளுக்கே அது பொருந்தும். முறைசாராத் துறையில் உழைப்பவளுக்கு விடுப்பும் இல்லை. அவளது மூன்று மாதக் குழந்தைக்குக் காப்பகமும் இல்லை. ஊதிய இழப்பை ஓரளவு ஈடுசெய்யப் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு ரூ.5,000 வழங்குகிறது. தில்லியில் 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பயிற்சியற்ற தொழிலாளரின் குறைந்தபட்ச மாத ஊதியம் ரூ.18,456. 26 நாள் கணக்கில் நாளுக்கு ஏறத்தாழ ரூ.710. ஆகவே அத்தொகை ஏழு நாள் ஊதியத்துக்கு ஈடாகும். ஆறு மாதத்துக்கு ஏழு நாள் போதாதென்பதை விளக்க வேண்டியதில்லை. அவள் குழந்தையுடன் வேலைக்குத் திரும்புவாள். அல்லது குழந்தையை விட்டுவிட்டுத் திரும்புவாள்.

வீட்டுவேலை செய்யும் பெண்கள் இவ்வகையில் மேலும் ஒதுக்கப்பட்டவர்கள். ஒருத்திக்கு நான்கு வீடுகள், நான்கு முதலாளிகள், எவரும் 50 பேரைப் பணியில் வைத்திருப்பவர் அல்லர். அவளுக்கு இதுவரை உதவியது வீட்டின் அண்மையே. தென்தில்லியில் ஜங்புரா அருகே, பாராபுல்லா வடிகாலை ஒட்டி, தமிழர் பலர் பல்லாண்டுகளாக வாழ்ந்த மதராசி கேம்ப்பின் பெண்களுள் பலர் சுற்றுப்புற வீடுகளில் வேலை செய்தனர். காலை வேலைக்கும் நண்பகல் வேலைக்கும் இடையில் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். நீதிமன்ற ஆணைப்படி 2025 சூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் அகற்றப்பட்டன. தகுதி பெற்ற 189 குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன.

வடிகாலின் வெள்ளப் போக்கைச் சீராக்குவது நகருக்குத் தேவையே. சொந்தப் பெயரில் வீடும் ஒரு சொத்தே. ஆனால் நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பழைய வேலையைத் தொடர விரும்பும் பாலூட்டும் தாய் பேருந்திலும் மெட்ரோவிலுமாகப் போகவர நான்கு மணி நேரம் செலவிட நேர்ந்தால், நண்பகலில் வந்து பால் தரும் வேளை அவளது நாள்திட்டத்திலிருந்து அகன்றுவிடும். மறுகுடியமர்வுத் திட்டங்களில் வீட்டின் பரப்பு, குழாய், மின் இணைப்பு ஆகியவற்றுக்கான இனங்கள் உள்ளன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளையும் ஏற்கும் ஒரு காப்பகமும், நடந்து செல்லும் தொலைவில் வேலையும் அவ்வினங்களோடு சேர்க்கப்படுவது நரேலா போன்ற இடங்களில் உடனடித் தேவையாகும்.