ஒரே டப்பா, மூணு கலர்

போன வருஷம் எங்க வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சோம். அதுக்கு முன்னாடி ஓசூர்ல வாடகை வீடுதான்; வீட்டுக்காரர் அடிச்ச கலர்தான் நம்ம கலர். சிப்காட்ல ஷிப்ட் பார்த்து அப்பா கட்டின வீடு இது. கலரை மட்டும் அம்மா முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டார். அம்மா எடுத்தது இளம் பீச். சீலிங் உட்பட வீடு முழுக்க அதே.

அடிச்சு முடிச்சா, ஹால் கிட்டத்தட்ட ஆரஞ்சு. வடக்குப் பக்க ரூம் வெளிறின ரோஸ். கிச்சன் மட்டும் சுமாரா சந்தனம். கடையில டப்பாவை மாத்திக் கொடுத்துட்டாங்கன்னு அம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு. நான் போய் ஒவ்வொரு டப்பாவையும் பார்த்தேன். எல்லாத்துலயும் ஒரே கோடு நம்பர். அப்போ தப்பு டப்பாவுல இல்ல.

பீச் என்பது அடிப்படையில் வெள்ளைதான். அந்த வெள்ளையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கான மூலத்தாதுகளில் ஒன்றான இல்மனைட், நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. அதில் சிவப்பும் மஞ்சளும் சில சொட்டு விழுந்தால் பீச். சுண்ணாம்பில் துளி காவி கலந்து பாருங்க, ஏறக்குறைய இதே நிறம்தான் வரும். காவியும் இரும்பு ஆக்சைடுதான், சுண்ணாம்பின் காரத்துக்கு அசையாது. பான்டோன் நிறுவனம் 2024-க்கான நிறமா 'பீச் ஃபஸ்'ஸை அறிவிச்சதும் எல்லாரும் புதுசு மாதிரி பேசினாங்க, அவ்வளவுதான்.

சரி, ஹால் ஏன் ஆரஞ்சு ஆச்சு? ஒரு சின்ன கணக்கு போடலாம். இந்தச் சுவர் தன் மேல் விழும் சிவப்பு ஒளியில் 80 சதவீதத்தையும் நீலத்தில் 50 சதவீதத்தையும் திருப்பி அனுப்புதுன்னு வெச்சுக்கோங்க. ஒருமுறை பட்டுத் திரும்பினால் 80-க்கு 50. அந்த ஒளி எதிர்ச்சுவரில் பட்டால் 64-க்கு 25. மூணாவது சுவருக்குப் போனால் 51-க்கு 12.5. அதாவது 1.6 மடங்கா இருந்த வித்தியாசம் 4 மடங்கைத் தாண்டிடுது! கண்ணுக்கு வருவது இந்த எல்லாச் சுற்றும் சேர்ந்த கலவை. ஷேடு கார்டில் இருக்கும் துண்டுக்கு எதிர்ச்சுவர் கிடையாது, அதனால அது ஒரு சுற்றோட நிக்குது. நாலு சுவர், சீலிங் எல்லாம் பீச்னா, ரூமே தன்னைத் தானே இன்னும் பீச் ஆக்கிக்கும். வெள்ளையில் இந்தத் தொல்லை இல்லை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பும், எத்தனை சுற்று போனாலும் விகிதம் மாறாது.

அடுத்தது வெளிச்சம். வடக்கு ஜன்னலுக்கு வருஷத்தில் பெரும்பகுதி நேர் வெயில் கிடையாது, வானத்தின் நீலச் சாயல்தான் உள்ளே வரும். அங்கே போய் 6500 கெல்வின் எல்.இ.டி. டியூபையும் மாட்டியிருந்தோம். பீச்சில் இருக்கும் மஞ்சள் அடங்கி, வெளிறிப் போச்சு. ஹாலில் நேர் எதிர்: 3000 கெல்வின் வார்ம் பல்பு, போதாததுக்கு மேற்கு ஜன்னல்.

அதனால வீடு முழுக்க ஒரே பீச் வேணும்னா, கார்டில் பிடிச்ச ஷேடுக்கு ஒரு படி வெளிறினதை வாங்குங்க. முதல்ல ஒரு லிட்டர் போதும். பெரிய அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, ஒவ்வொரு ரூமிலும் சாய்ச்சு வெச்சு, காலையில, சாயங்காலம், லைட் போட்டு என மூணு வேளையும் பாருங்க. சுவரிலேயே சின்னத் திட்டா அடிச்சுப் பார்த்தால் சுத்தி இருக்கும் பழைய கலர் கண்ணை ஏமாத்தும். சீலிங் வெள்ளையா இருக்கட்டும். ஒரே கோடு நம்பரா இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா மெஷின்ல துளி வித்தியாசம் வரலாம். பெரிய டிரம்மில் எல்லாத்தையும் ஊத்திக் கலக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க. பெயின்டர் அண்ணன் முறைச்சாலும் பரவாயில்ல.

எங்களுக்குத் திரும்ப முழுசா அடிக்க பட்ஜெட் இல்ல. அம்மாவும் கேட்கல, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. சீலிங்கை மட்டும் வெள்ளை ஆக்கினோம். எல்லா ரூமுக்கும் 4000 கெல்வின் பல்பு மாத்தினோம். ஹால் ஒரு படி இறங்கிச்சு, வடக்கு ரூம் கொஞ்சம் உயிர் பிடிச்சது. "இப்பதான்டா கார்டுல பார்த்த கலர்"னு அம்மா சொன்னாங்க.

மேற்கு ஜன்னலை மட்டும் ஒண்ணும் பண்ண முடியல. சாயங்காலம் அஞ்சரைக்கு ஹால் இன்னமும் ஆரஞ்சுதான். முதல் ஷிப்ட் வாரத்துல அப்பா அந்த நேரம் பார்த்துத்தான் டீயோட அங்க வந்து உட்கார்றார்.