எழுந்து நின்ற டீச்சர்

“எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க.”

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களில் பெரும்பாலோர் இந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். யாரையும் திட்டுவதற்காகச் சொன்னதல்ல. கல்வி உதவித்தொகைப் படிவம் வந்திருக்கும். மதியத்துக்குள் பட்டியல் வேண்டும் என்று ஹெச்.எம். சொல்லியிருப்பார். வகுப்பாசிரியர் அவசரத்தில் கேட்டுவிடுவார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை ஐம்பது வயதிலும் மறக்காதவர்களை எனக்குத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் தென் மாவட்டம் ஒன்றில் ஆசிரியர்களுக்கு நடந்த மனித உரிமைக் கல்விப் பயிற்சியைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முப்பது பேர் இருப்பார்கள். கருத்தாளர் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். சிலவற்றில் ஒரு புள்ளி, மற்றவை வெற்றுத்தாள். “புள்ளி இருக்கறவங்க எழுந்திரிங்க” என்றார். ஏழெட்டுப் பேர் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். அவர் உட்காரச் சொல்லவில்லை. மேசைக்குத் திரும்பி, வருகைப் பதிவேட்டைப் பிரித்து நிதானமாகப் பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். ஐந்து நிமிடம் போயிருக்கும். எழுந்து நின்றவர்களில் ஒருவர் இருபத்திரண்டு வருடம் பணியாற்றிய டீச்சர். முதலில் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்தார். பிறகு தரையைப் பார்க்க ஆரம்பித்தார். “உக்காரலாம் டீச்சர்” என்று கருத்தாளர் சொன்ன பிறகும் அவர் உடனே உட்காரவில்லை. “நான் வருஷா வருஷம் இதைச் செஞ்சிருக்கேன் சார்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த மூன்று நாளில் சட்டப் பிரிவுகளைப் பற்றி நிறையப் பேசினார்கள். என் குறிப்பேட்டில் நான் அடிக்கோடிட்டு வைத்திருப்பது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

மனித உரிமைகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றதும் நமக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. புத்தகத்துக்கு இங்கே குறைவில்லை. தீண்டாமை குற்றம் என்பது பல ஆண்டுகளாக நம் பாடநூல்களின் முன்பக்கங்களிலேயே அச்சாகி வருகிறது. அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் பிள்ளைகள்தான் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறியச் சொல்லி 2019-ல் பள்ளிக் கல்வித்துறையே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் அதே முன்பக்கத்தைப் படித்தவர்கள்தானே?

அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளத்தை நீக்குவது பற்றித்தான் அப்போது விவாதம் சூடாக நடந்தது. நான் முக்கியமாக நினைக்கும் பரிந்துரைகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றி வகுப்பறையில் அறிவிக்காமல் மாணவரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்றது குழு. ஆசிரியர்களுக்குச் சாதிப் பாகுபாடு பற்றியும் அது தொடர்பான சட்டங்கள் பற்றியும் கட்டாயப் பயிற்சி வேண்டும், பி.எட். பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும், ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒரு அறநெறிப் பாடவேளை வேண்டும் என்றும் சொன்னது. எல்லாம் ஆசிரியரைச் சுற்றியே வருகின்றன. ஆசிரியர் மாறாமல் பாடவேளையை மட்டும் கூட்டினால், ஒப்பிக்க இன்னொரு பக்கம் கூடும், அவ்வளவுதான்.

ஆசிரியருக்கு இப்படிப் பயிற்சி தரும் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஐ.நா. சபை 1995 முதல் 2004 வரையிலான பத்தாண்டுகளை மனித உரிமைக் கல்விக்கென்று அறிவித்தது. அந்தக் காலத்தில், 1997-ல், மதுரையைச் சேர்ந்த மக்கள் கண்காணிப்பகம் மனித உரிமைக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. வழக்கறிஞர் ஹென்றி டிபேன் போன்றவர்கள் காவல்நிலையச் சித்திரவதை வழக்குகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அமைப்பு அது. வழக்கு என்பது தவறு நடந்த பிறகு ஓடுவது. நடக்கும் முன்னே ஓட வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். சில பள்ளிகளில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இந்தக் கல்வி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு விரிந்து, பிறகு பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போனது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் வே. வசந்தி தேவி இதற்குத் தோள் கொடுத்தவர். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மூன்றாண்டுப் பாடம். முதலாண்டு மனித உரிமை அறிமுகம், அடுத்து குழந்தை உரிமை, பிறகு பாகுபாடு. ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்களைத் தேர்ந்து, வெளியே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

இந்தத் திட்டத்தை ஆராய்ந்த கல்வி ஆய்வாளர் மோனிஷா பஜாஜ் 2012-ல் புத்தகமே எழுதினார். அதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. உரிமையைப் படித்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. கண்ணெதிரே நடக்கும் அநீதியைத் தட்டிக் கேட்டார்கள். ஆனால் கேட்டது ஏழைப் பிள்ளையாக, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையாக இருந்து, தனியாகவும் போய்க் கேட்டால் அடிபடும் ஆபத்து இருந்தது. ஆசிரியர் கூட நின்ற இடங்களில் கதை வேறாக முடிந்தது. உரிமையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தெருவில் தனியாக விடுவது எவ்வளவு பெரிய பாவம்! பயிற்சியில் இதை முதல் நாளே சொல்ல வேண்டும் என்பேன்.

பிரம்பு விஷயத்திலும் ஆசிரியரின் நடத்தைதான் பாடம். பிரம்படிக்கு இடம் தந்த தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதி 2003-ல் திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடலை வருத்துவதோடு மனதை வருத்துவதையும் தடை செய்கிறது. 2011 டிசம்பரில் ஐ.நா. நிறைவேற்றிய மனித உரிமைக் கல்விப் பிரகடனம் மூன்று வகைகளைப் பிரித்து வைக்கிறது: உரிமைகளைப் பற்றிய கல்வி, உரிமைகளின் வழியான கல்வி, உரிமைகளுக்கான கல்வி. நடுவில் உள்ளதுதான் கடினம். கையில் ஸ்கேலை ஓங்கிக்கொண்டு கண்ணியத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால், பிள்ளை ஸ்கேலைத்தான் படிக்கும்.

இரண்டாம் நாள் மதியம் பாடம் எழுதும் அமர்வு. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. தயாராக அச்சிட்ட பயிற்சிக் கட்டகத்தைக் கையில் கொடுக்காமல், அவரவர் நடத்தும் பாடப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதிலேயே ஒரு பாடத்தை எடுத்து மாற்றி எழுத வேண்டும். கணக்கு ஆசிரியர் ஒருவர் பேனாவைத் தொடவில்லை. “கணக்குல என்ன சார் மனித உரிமை?” என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. கருத்தாளர் பதில் சொல்லாமல், “உங்க ஸ்கூல்ல காலையில யார் பெருக்குறாங்க?” என்றார். “பிள்ளைங்கதான், முறை வச்சு.” “எந்தப் பிள்ளைங்க?” அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எதுவும் பேசாமல் எழுத ஆரம்பித்தார்.

மாலையில் அவர் வாசித்த பாடம் புள்ளியியல். புத்தகத்தில் இருந்த கிரிக்கெட் ஓட்டங்களை எடுத்துவிட்டிருந்தார். பதிலாக, பிள்ளைகளே ஒரு வாரம் கணக்கெடுக்க வேண்டும்: வகுப்பறை பெருக்கியது யார், குடிநீர் பிடித்து வைத்தது யார், ஆசிரியருக்கு டீ வாங்கப் போனது யார், கழிவறையில் தண்ணீர் ஊற்றியது யார். நேர்க்கோட்டுக் குறிகள், நிகழ்வெண் பட்டியல், பட்டை விளக்கப்படம் எல்லாம் பாடத்திட்டப்படியே. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: ‘இந்தப் படம் இப்படி இருப்பதற்குக் காரணம் என்ன?’ பதிலை அவர் எழுதவில்லை. “எனக்கே பயமா இருக்கு சார், படம் எப்படி வரும்னு தெரியும்” என்றார்.

மற்ற ஊர் ஆசிரியர் எவரும் அவருக்காக இந்தப் பாடத்தை எழுதியிருக்க முடியாது. அந்தப் பள்ளியில் டீ வாங்கப் போவது யார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பல பண்பாடுகளை உள்ளடக்கிய கல்விக்கும் இப்படி உள்ளூரை அறிந்த பாடம்தான் வேண்டும். ஆனால் அது, ஆண்டு விழாவில் மாநிலத்துக்கொரு உடை போட்டு மேடையேற்றுவதாக முடிந்துபோகிறது. அமெரிக்காவில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் பேங்க்ஸ். ஆர்கன்சாவில், கறுப்பினப் பிள்ளைகளைத் தனியே பிரித்து வைத்திருந்த காலத்தில் பள்ளி சென்றவர். பாடநூலில் இருந்த அடிமைகள் ஏன் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்ற கேள்வி சின்ன வயதிலேயே அவருக்குள் எழுந்தது. பின்னாளில் அவர் நான்கு படிகளை வகுத்தார். விழாவும் வீரர்களும் முதல் படி. இருக்கும் பாடத்தோடு ஒரு பத்தியைச் சேர்ப்பது இரண்டாம் படி. மூன்றாவதில்தான் பாடத்தின் பார்வையே மாறுகிறது, விளிம்பில் இருப்பவரின் கண்ணால் அதே நிகழ்வைப் பார்க்கிறோம். கற்றதைக் கொண்டு செயலில் இறங்குவது நான்காவது. நம் பள்ளிகள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்று கைதட்டுகின்றன.

மூன்றாம் படி எப்படி இருக்கும்? நீலகிரி மாவட்டத்துக் கூடலூரை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு வகுப்பறையில் பணியர், குறும்பர் ஆகிய பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பக்கத்து பெஞ்சில் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள். அவர்களுடைய மறுவாழ்வுக்காகவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. கேரளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கும். இவர்கள் எல்லோருக்கும் புவியியல் புத்தகம் தேயிலையைப் பற்றி மழையளவும் மண் வகையும் சரிவான நிலமும் சொல்லித் தருகிறது. தேவைதான். ஆனால் இந்த மலையில் தேயிலை வருவதற்கு முன் என்ன இருந்தது என்று பணியர் பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னால்? கப்பலில் வந்து இறங்கியபோது கையில் என்ன இருந்தது என்று மலையகத் தாத்தாவிடம் கேட்டு வரச் சொன்னால்? இருவருமே இழந்தவர்கள். ஒருவருக்குக் கிடைத்த மறுவாழ்வு இன்னொருவரின் காட்டின் மேல் எழுந்தது. இதைப் பகையில்லாமல் ஒரே வகுப்பறையில் பேச வைக்க எவ்வளவு பக்குவம் வேண்டும்! அந்தப் பக்குவத்துக்குத்தான் பயிற்சி.

அதே கூடலூரில் வித்யோதயா பள்ளி பழங்குடி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது. ஊர்ப் பெரியவர்களின் பாட்டும் கதையும் காட்டறிவும் அங்கே பாடமாயின. பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவர் வகுப்பில் நின்றாலே பாதிக் கலக்கம் அடங்கிவிடும். திருப்பூரிலும் செங்கல் சூளைப் பக்கத்துப் பள்ளிகளிலும் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் நம் ஆசிரியர்களுக்கு இந்த உதவி இன்னும் பெரிய அளவில் தேவை.

குறை ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பயிற்சிகள் மேலிருந்து கீழே இறங்குபவை. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்கும், மாவட்டம் வட்டார வள மையத்துக்கும் சொல்லும். மேலே ஐந்து நாள் நடந்தது கீழே வரும்போது ஒரு நாளாகச் சுருங்கியிருக்கும். அந்த ஒரு நாளிலும் கல்வித்துறையின் எமிஸ் தகவல் தளத்தில் பதிவேற்றம் பற்றிப் போன் வந்துகொண்டே இருக்கும். வாசிப்புத் திறன் பயிற்சிக்கே இது போதாது. ஒருவர் தன் சாதியையும் தன் கோபத்தையும் திரும்பிப் பார்க்க ஒரு நாளில் எப்படி முடியும்? பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து அதே ஆசிரியர்களை மறுபடி ஒரு வட்டமாக உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகக் கட்டடம் வேண்டாம், ஒதுக்கப்பட்ட நேரம் வேண்டும்.

கடைசி நாள் ஆளுக்கொரு மாற்றத்தைச் சொல்லச் சொன்னார்கள். பெரிய வார்த்தைகள் நிறைய வந்தன. இருபத்திரண்டு வருட டீச்சர் தன் முறை வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அடுத்த முறை உதவித்தொகைப் படிவம் வரும்போது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் பெயர், பெற்றோர் பெயர், வங்கிக் கணக்கு எண் எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறார். யாருக்கு உண்டு என்பதை வீட்டில் உட்கார்ந்து பிரிப்பார். பிறகு அந்தந்தப் பிள்ளையைத் தனியாக, வேறு ஏதோ வேலை சொல்வதுபோல் கூப்பிட்டு விவரம் சொல்வார். நாற்பத்திரண்டு பிள்ளைகள், எனவே இரண்டு மணி நேரம் கூடுதலாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

“சனிக்கிழமை பண்ணிக்குவேன்” என்று நோட்டை மூடினார்.